குழந்தைக்கு டிரிப்ஸில் மருந்து ஏறும்போது கடும் அலர்ஜி வந்தால்: பெற்றோர் முன்கூட்டியே செய்து வைக்க வேண்டியவை

குழந்தைக்கு டிரிப்ஸ் வழியாக மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் மருந்து ஏற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லும் அன்று, பாதி விஷயம் நம் காதில் விழுவதே இல்லை. நோயின் பெயரும் மருந்தின் பெயரும் மனதில் பதிவதற்குள் "அபூர்வமா கடுமையான அலர்ஜி வரலாம்" என்ற ஒரு வரி வந்து போய்விடும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருப்போம். அந்த ஒரு வரிக்காக நாம் என்னென்ன தயார் செய்து வைக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்லப் போகிறேன்.

என் மகளுக்கு என்சைம், அதாவது உடல் தானே செய்ய வேண்டிய ஒரு புரதம், டிரிப்ஸில் ஏறுகிறது. பல நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, கேட்டும் பார்த்தும் படித்தும் தெரிந்துகொண்டதை, இப்போதுதான் தொடங்கும் ஒரு அம்மாவுக்கோ அப்பாவுக்கோ சொல்வதுபோல எழுதுகிறேன். எந்த மருந்து, எவ்வளவு டோஸ், எப்போது நிறுத்துவது என்ற முடிவுகள் உங்கள் குழந்தையின் டாக்டருடையவை. ஆனால் குழந்தை எப்போதும் எப்படி இருக்கும் என்பது அந்த அறையில் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். கடும் அலர்ஜியில் நிமிடங்கள் முக்கியம் என்பதால், அந்த அறிவுக்குப் பெரிய மதிப்பு உண்டு.

எதற்குத் தயாராகிறோம்?

டிரிப்ஸ் ஏறும்போது வரும் எல்லாத் தொந்தரவும் ஆபத்தானவை இல்லை. மருந்து வேகமாக ஏறுவதால் குளிர் நடுக்கம், காய்ச்சல், தலைவலி, முகம் சிவப்பது, லேசான அரிப்பு என்று வரலாம். இம்யூனோகுளோபுலின் (ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் நோய் எதிர்ப்புப் புரதம்) ஏற்றும்போது வரும் தலைவலியும் குளிரும் பெரும்பாலும் வேகத்தோடு சம்பந்தப்பட்டவை. வேகத்தைக் குறைத்தால், அல்லது சிறிது நேரம் நிறுத்தி வைத்தால் அடங்கிவிடும். ரிடுக்சிமாப் போன்ற மருந்துகளில் முதல் தடவைதான் இப்படி அதிகம் படுத்தும், அடுத்தடுத்த தடவைகளில் குறையும்.

நாம் பயப்படுவது அனாஃபிலாக்சிஸுக்கு. அதாவது மூச்சு, ரத்த ஓட்டம், வயிறு, தோல் என்று பல இடங்களை ஒரே நேரத்தில், வேகமாகத் தாக்கும் கடும் ஒவ்வாமை. என்சைம் மருந்துகளில் இது ஏன் வருகிறது என்று புரிந்துகொள்வது கஷ்டமில்லை. காச்சர், பாம்பே (Pompe), எம்.பி.எஸ். (மியூகோபாலிசாக்கரிடோசிஸ்) போன்ற பிறவி நோய்களில் குழந்தையின் உடல் ஒரு என்சைமைச் சரியாகச் செய்வதில்லை. சில குழந்தைகளின் உடல் அதைத் துளிகூடச் செய்வதில்லை. அப்படிப்பட்ட உடலுக்கு வெளியிலிருந்து வரும் என்சைம் முழுக்க அந்நியப் பொருள், அதனால் அதற்கு எதிராக எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) உருவாகிறது. புற்றுநோய்க்குத் தரும் அஸ்பாரஜினேஸ், கார்போபிளாட்டின் ஆகியவற்றிலும் சில ஆன்டிபாடி மருந்துகளிலும் இது நடக்கலாம். சத்துக்காக ஏற்றும் இரும்பு மருந்திலும் அபூர்வமாக வரலாம்.

இதில் புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. முதல் இரண்டு மூன்று தடவை ஒன்றும் ஆகவில்லை என்றால், இனி ஆகாது என்று நினைத்துவிடுகிறோம். அப்படிச் சொல்ல முடியாது. ஒவ்வாமை உருவாவதற்கு உடல் அந்த மருந்தைப் பல முறை சந்திக்க வேண்டியிருக்கலாம். கார்போபிளாட்டினில் பல டோஸ் கழிந்த பிறகுதான் பெரும்பாலும் வருகிறது. அஸ்பாரஜினேஸில் நடுவில் இடைவெளி விட்டுத் திரும்பத் தொடங்கும்போது கவனம் அதிகம் தேவை. எலோசல்ஃபேஸ் என்ற என்சைம் மருந்தின் ஆய்வுகளில் 47ஆவது முறை ஏற்றியபோதுகூட அனாஃபிலாக்சிஸ் வந்ததாகப் பதிவாகியிருக்கிறது. அதே ஆய்வுகளில், ஏற்றத் தொடங்கி அரை மணியில் வந்ததும் உண்டு, ஏற்றி முடித்து மூன்று மணி நேரம் வரை கழித்து வந்ததும் உண்டு. ஆகவே கீழே சொல்லும் ஏற்பாடுகளை ஒவ்வொரு தடவையும் செய்ய வேண்டும்.

முதல் தேதிக்கு முன்பே டாக்டரிடம் கேட்க வேண்டியவை

டிரிப்ஸ் போடும் நாளில் கேட்டால் யாருக்கும் நேரம் இருக்காது. அதற்கு முந்தைய சந்திப்பிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். "அலர்ஜி வந்தா என்ன பண்ணுவீங்க டாக்டர்?" என்று பொதுவாகக் கேட்டால், "பார்த்துக்கலாம்மா, பயப்படாதீங்க" என்று பொதுவான பதில்தான் வரும். குறிப்பாகக் கேட்டால் குறிப்பாகப் பதில் கிடைக்கும்.

முதல் கேள்வி அட்ரினலின் பற்றியதாக இருக்கட்டும். அனாஃபிலாக்சிஸுக்கு முதல் மருந்து அட்ரினலின்தான். அலர்ஜி மாத்திரையும் ஸ்டீராய்டும் அரிப்பையும் தடிப்பையும் குறைக்கலாம். ஆனால் அடைபடும் தொண்டையையும் சரியும் பிரஷரையும் அவை நிமிடங்களில் சரிசெய்யாது. அதனால், "என் குழந்தையோட எடைக்கு அட்ரினலின் டோஸ் எவ்வளவு? அதை எழுதித் தருவீங்களா?" என்று கேளுங்கள்.

கணக்கு இதுதான். கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம் இருக்கும் ஆம்பூல் (மருந்து அடைத்த சிறு கண்ணாடிக் குப்பி) என்றால், 18 கிலோ குழந்தைக்கு 0.18 மில்லி. சின்னக் குழந்தைகளுக்கு ஒரு தடவைக்கு 0.3 மில்லிகிராம் வரைதான். பெரிய பிள்ளைகளுக்கு 0.5 வரை போவார்கள். இதை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் அவசரத்தில் யாரோ ஒருவர் கால்குலேட்டரைத் தேடுவதைவிட, எடையும் டோஸும் போட்டு டாக்டர் கையெழுத்திட்ட ஒரு அட்டை டிரிப்ஸ் ஸ்டாண்டிலேயே தொங்குவது எவ்வளவோ மேல். எங்கள் அட்டையில் பெயர், எடை, எடை பார்த்த தேதி, மருந்தின் பெயர், அட்ரினலின் எத்தனை மில்லி, எந்த இடத்தில் போடுவது, இரண்டாவது டோஸ் எப்போது என்று ஏழே வரிகள், பெரிய எழுத்தில். பிளாஸ்டிக் உறையில் போட்டு, மேலே ஓட்டை போட்டு நூல் கட்டியிருக்கிறது. முதல் தடவை தயங்கித் தயங்கித்தான் நீட்டினேன். சிஸ்டர் வாங்கிப் படித்துவிட்டு அவர்களே ஸ்டாண்டில் மாட்டினார்கள்.

எங்கே போடுவார்கள் என்பதையும் கேளுங்கள். கையில்தான் லைன் இருக்கிறதே, அதிலேயே போட்டால் சீக்கிரம் வேலை செய்யாதா என்று நமக்குத் தோன்றும். அந்த அளவு அட்ரினலினை நேராக ரத்தக்குழாயில் செலுத்தினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்து உண்டு. தீவிர சிகிச்சையில் பழகியவர்கள், நீர்த்த மருந்தை, மானிட்டர் பார்த்துக்கொண்டு செய்யும் வேலை அது. மற்றபடி சரியான இடம் தொடையின் வெளிப்பக்க நடுப்பகுதியில் உள்ள தசை. குழந்தைகளிடம் செய்து 1998இல் வெளியான ஓர் ஆய்வில், தோலுக்கு அடியில் போட்டபோது மருந்து ரத்தத்தில் உச்ச அளவை எட்டச் சராசரியாக 34 நிமிடம் ஆனது. தொடைத் தசையில் போட்டபோது 8 நிமிடம்தான்.

அடுத்து, யார் போடுவார்கள்? டியூட்டி டாக்டர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்த பிறகுதான் சிஸ்டர் போட முடியுமா, அல்லது அறிகுறி தெரிந்த உடனே அவர்களே போட முன்கூட்டியே எழுத்தில் உத்தரவு இருக்கிறதா? நான் கேட்கச் சொல்லும் எல்லாக் கேள்விகளிலும் இதைத்தான் முக்கியமாக நினைக்கிறேன். மருந்து அலமாரியில் இருந்தும் போடத் தாமதமாவதற்கு, யார் முடிவெடுப்பது என்ற குழப்பம் ஒரு பெரிய காரணம். முன்கூட்டிய உத்தரவு இல்லை என்றால், எழுதி வைக்கச் சொல்லிக் கேட்கலாம். அது நியாயமான கோரிக்கை.

அப்புறம் இன்னும் சில கேள்விகள் இருக்கின்றன, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஏற்றும் இடத்தில் குழந்தைக்கு ஏற்ற அளவில் ஆக்ஸிஜன் மாஸ்க், அம்பு பேக் (கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை), நெபுலைசர், செலைன் இருக்கிறதா? தீவிர சிகிச்சைப் பிரிவு எவ்வளவு தூரம்? முடிந்த பிறகு எத்தனை மணி நேரம் வைத்துப் பார்ப்பார்கள்? முடிந்தவரை காலையிலேயே நேரம் கேட்டு வாங்குங்கள். சீனியர் டாக்டர்கள் எல்லாரும் இருக்கும் நேரத்தில் மருந்தும் ஏறும், அதன் பிறகு பார்த்துக்கொள்ளும் மணிநேரங்களும் பகலிலேயே முடியும்.

டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை: ஆஸ்துமா அல்லது அடிக்கடி வீசிங், இதுவரை ஏதாவது மருந்துக்கோ உணவுக்கோ வந்த அலர்ஜி, குழந்தை இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளும். கட்டுப்பாட்டில் இல்லாத ஆஸ்துமா இருந்தால் அனாஃபிலாக்சிஸ் வந்தால் மோசமாகும். இதயத்துக்கோ பிரஷருக்கோ தரும் பீட்டா பிளாக்கர் வகை மருந்து, அட்ரினலினைச் சரியாக வேலை செய்ய விடாது. அப்போது குளுக்ககான் என்ற இன்னொரு மருந்தும் தேவைப்படலாம் என்பதால், முன்பே தெரிந்திருப்பது நல்லது.

முந்தின நாளும் அன்று காலையும்

குழந்தைக்குக் காய்ச்சல், சளி, இருமல் இருந்தால் கிளம்பும் முன் போன் செய்து சொல்லுங்கள். உடம்பு சரியில்லாத நாளில் ஏற்றினால் எதிர்விளைவு வரும் வாய்ப்பு கூடலாம். பல மருந்துகளில் தேதியைத் தள்ளிப்போடலாமா என்று டாக்டர் யோசிப்பார். ஒரு டோஸ் தவறிவிடுமே என்ற பதற்றத்தில் காய்ச்சல் மருந்து கொடுத்துவிட்டு, அதைச் சொல்லாமல் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

முன்மருந்து எழுதியிருந்தால், அதாவது அலர்ஜி மருந்தும் பாராசிட்டமாலும், சிலருக்கு ஸ்டீராய்டும், சொன்ன நேரத்தில் கொடுங்கள். வழக்கமாக அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு கொடுப்பார்கள். எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்று எழுதி வையுங்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். முன்மருந்து லேசான தொந்தரவுகளைக் குறைக்கும், அனாஃபிலாக்சிஸ் வராது என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. அதோடு, அரிப்பையும் தடிப்பையும் அமுக்கிவிடுவதால், முதலில் தெரிய வேண்டிய எச்சரிக்கையே தெரியாமல் போகலாம். தூக்கம் வரவழைக்கும் அலர்ஜி மருந்து என்றால் இன்னொரு சிக்கல். குழந்தை சோர்ந்து கிடப்பது மருந்தாலா, பிரஷர் இறங்குவதாலா என்று கண்டுபிடிப்பது கஷ்டமாகும். தூக்கம் தராத வகை கொடுக்கலாமா என்று டாக்டரைக் கேட்டுப் பாருங்கள்.

அன்று காலை இதுவரை சாப்பிடாத எதையும் புதிதாகக் கொடுக்க வேண்டாம். ஏதாவது நடந்தால் காரணம் உணவா மருந்தா என்று குழப்பம் வரும். முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை, சுலபமாகக் கழற்றக்கூடிய தளர்வான கால்சட்டை போட்டு விடுங்கள். மார்பில் தடிப்பு பார்க்கவும், தொடையில் ஊசி போடவும் வசதியாக இருக்கும். நகப்பூச்சு வேண்டாம். நகத்தின் நிறம் தெரிய வேண்டும், விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவியும் சரியாகக் காட்ட வேண்டும்.

டிரிப்ஸ் போடுவதற்கு முந்தைய ஐந்து நிமிடம்

படுக்கைக்குப் போனதும் எடை புதிதாகப் பார்த்தார்களா என்று உறுதி செய்யுங்கள். வளரும் குழந்தைக்கு மூன்று மாதத்துக்கு முந்தைய எடை உதவாது. பிறகு சிஸ்டரிடம் சாதாரணமாகக் கேளுங்கள்: "சிஸ்டர், அட்ரினலின் எங்கே வெச்சிருக்கீங்க?" பதில் "ஃபார்மசியில இருந்து வரணும்" என்று வந்தால், அது வந்து சேரும் வரை ஏற்றத் தொடங்க வேண்டாம் என்று பணிவாக, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள். ஊசியும் சிரிஞ்சும் ஆம்பூலும் ஒரே டிரேயில், படுக்கைக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

அழைப்பு மணியை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். வேலை செய்யாத மணி எத்தனையோ படுக்கைகளில் இருக்கிறது. பம்பை நிறுத்தும் பட்டன் எது, டியூபை அடைக்கும் கிளாம்ப் எது என்று காட்டச் சொல்லுங்கள். தொடங்கும் முன் எடுத்த நாடித்துடிப்பு, பிரஷர், ஆக்ஸிஜன், காய்ச்சல் அளவுகளை நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எண்களை இவற்றோடு ஒப்பிட்டால்தான் அர்த்தம் கிடைக்கும். குழந்தை ஓடியாடிவிட்டு வந்த நிலையிலோ ஊசிக்கு அழுத நிலையிலோ எடுத்த துடிப்பு என்றால், கொஞ்சம் அடங்கியதும் இன்னொரு முறை எடுக்கச் சொல்லுங்கள்.

ஏறும்போது எதைப் பார்ப்பது?

பெரும்பாலான மருந்துகளை மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக வேகத்தைக் கூட்டுவார்கள். முதல் அரை மணி நேரமும், ஒவ்வொரு முறை வேகத்தைக் கூட்டிய பிறகு வரும் நிமிடங்களும் கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டியவை. அந்த நேரத்தில் நீங்கள் போனில் மூழ்க வேண்டாம். குழந்தையும் முதல் அரை மணி தூங்காமல் இருந்தால் நல்லது. கதை சொல்லுங்கள், பேச வையுங்கள். பேசும் குழந்தையின் குரல் மாறினால் உடனே தெரியும்.

தோலில் பார்க்க வேண்டியது தடிப்பு, வீக்கம், அரிப்பு. மாநிறமும் கருப்பும் ஆன தோலில் சிவப்பு சட்டென்று தெரியாது. விரலால் தடவிப் பார்த்தால் மேடு தட்டுப்படும். உதடு, கண் இமையின் உட்பக்கம், உள்ளங்கை, காது மடல் ஆகிய இடங்களைப் பாருங்கள். தோலில் எதுவுமே தெரியாமலும் அனாஃபிலாக்சிஸ் வரலாம். பத்தில் ஒன்று அல்லது இரண்டு பேருக்கு அப்படித்தான் வருகிறது. தோலை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

மூச்சில்: திடீர் இருமல் திரும்பத் திரும்ப வருவது, விசில் சத்தம், கரகரத்த குரல், மூச்சை இழுக்கும்போது கழுத்துக் குழியும் விலா இடுக்கும் உள்ளே போவது, எச்சில் விழுங்க முடியாமல் வழிவது. ரத்த ஓட்டத்தில்: முகம் வெளிறுவது, கைகால் ஜில்லிடுவது, வேகமான துடிப்பு, துவண்டு போவது, மயக்கம். வயிற்றில்: சுருட்டிப் பிடிக்கும் வலி, தொடர்ந்து வாந்தி, திடீர் பேதி.

இவை புத்தகத்தில் இருக்கும் பெயர்கள். குழந்தைகள் இப்படிச் சொல்ல மாட்டார்கள். "நாக்கு பெருசா இருக்கு", "தொண்டையில முடி மாட்டியிருக்கு", "வாய் முள்ளு முள்ளா குத்துது", "அம்மா, எனக்கு எப்படியோ இருக்கு" என்பார்கள். பேசத் தெரியாத குழந்தை நாக்கை வெளியே தள்ளித் தேய்க்கும், காதைப் பிடித்து இழுக்கும், சமாதானமே ஆகாமல் அழும், அல்லது அழுதுகொண்டே இருந்தது திடீரென்று அமைதியாகித் தோளில் துவளும். அந்தத் திடீர் அமைதி தூக்கம் என்று நினைக்காமல், எழுப்பிப் பாருங்கள். சில குழந்தைகள் எதுவும் சொல்லாமல், ஏதோ நடக்கப் போகிறது என்ற பயத்தில் நம்மை இறுக்கிக் கட்டிக்கொள்ளும். பெரியவர்களும் அனாஃபிலாக்சிஸின் தொடக்கத்தில் இப்படி ஒரு கலக்கம் வருவதாகச் சொல்கிறார்கள்.

என் மகள் பயந்தால் இடது காது மடலை இரண்டு விரலால் உருட்டுவாள். சாதாரணமாகத் தூக்கம் வந்தாலும் உருட்டுவாள், ஆனால் அது மெதுவாக இருக்கும். இந்த வித்தியாசத்தை எந்த மானிட்டரும் காட்டாது. உங்கள் குழந்தைக்கும் இப்படி ஏதாவது இருக்கும். அதை முதல் நாளே சிஸ்டரிடம் சொல்லி வையுங்கள்.

சந்தேகம் வந்தால் உடனே கூப்பிடுங்கள். என்ன பிரச்சினை என்று சொல்லத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. "சிஸ்டர், பிள்ளை வழக்கம்போல இல்லை, வந்து பாருங்க" என்பதே போதும். தொந்தரவு செய்கிறோமோ என்ற கூச்சத்தில் ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்ப்பது வேண்டாம்.

வந்துவிட்டால் என்ன நடக்க வேண்டும்?

இந்த வரிசை தெரிந்திருந்தால், அறைக்குள் பலர் ஓடி வரும்போது என்ன நடக்கிறது என்று உங்களுக்குப் புரியும், விட்டுப்போனது எது என்றும் தெரியும்.

1. மருந்தை உடனே நிறுத்துவது. வேகத்தைக் குறைத்துப் பார்க்கும் நேரம் இதில்லை. கையில் உள்ள லைனை எடுக்கக் கூடாது, அது தேவைப்படும். டியூபில் மீதி இருக்கும் மருந்தும் உள்ளே போகாதபடி புது டியூபில் செலைன் போடுவார்கள்.

2. குழந்தையைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துவது. மூச்சு விடக் கஷ்டப்பட்டால் காலை நீட்டியபடி சாய்ந்து உட்காரலாம். வாந்தி எடுத்தால் அல்லது நினைவில்லாவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். இந்த நேரத்தில் நமக்குக் குழந்தையைத் தூக்கி நெஞ்சோடு நிமிர்த்திப் பிடிக்கத்தான் கை போகும். பிரஷர் சரிந்திருக்கும்போது சட்டென்று நிமிர்த்துவதும், எழுந்து நிற்க வைப்பதும், பாத்ரூமுக்கு நடத்திக்கொண்டு போவதும் உயிருக்கே ஆபத்தாகலாம். நீங்கள் படுக்கை ஓரமாகக் குனிந்து, முகம் தெரியும்படி கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

3. தொடையில் அட்ரினலின். இதை இரண்டாவது வேலையோடு சேர்த்தே செய்வார்கள். அலர்ஜி ஊசி போட்டுவிட்டுக் காத்திருந்தால், "அட்ரினலின் போட்டாச்சா?" என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. போட்ட பிறகு குழந்தை நடுங்கலாம், வெளிறலாம், நெஞ்சு படபடக்கிறது என்று அழலாம். சில நிமிடங்களில் போய்விடும்.

4. ஆக்ஸிஜன், பிரஷரைத் தூக்கச் செலைன், வீசிங் இருந்தால் நெபுலைசர். அலர்ஜி மருந்தும் ஸ்டீராய்டும் இவற்றுக்கெல்லாம் பிறகுதான்.

5. ஐந்து நிமிடத்தில் முன்னேற்றம் இல்லை என்றால் அட்ரினலின் இரண்டாவது டோஸ். ஐந்திலிருந்து பதினைந்து நிமிட இடைவெளியில் திரும்பப் போடலாம். முதல் டோஸ் போட்ட நேரத்தைக் கத்தியாவது சொல்லி, எழுதி வைக்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். கையில் ஒரு வேலை இருந்தால் நமக்கும் பதற்றம் கட்டுப்படும்.

அடங்கிய பிறகு

அடங்கிவிட்டது என்று உடனே கிளம்ப வேண்டாம். சிலருக்கு, மருந்து எதுவும் திரும்பப் போகாமலே, சில மணி நேரம் கழித்து மீண்டும் வரும். பெரும்பாலும் முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் வரும், அபூர்வமாக மூன்று நாள் வரைகூட ஆகலாம். எத்தனை மணி நேரம் வைத்துப் பார்ப்பது என்பது எவ்வளவு கடுமையாக வந்தது, எத்தனை டோஸ் அட்ரினலின் தேவைப்பட்டது என்பதைப் பொறுத்தது. கடுமையாக வந்திருந்தால் ஒரு ராத்திரி தங்கச் சொன்னால் தங்கிவிடுங்கள். வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி குழந்தையைப் பக்கத்திலேயே படுக்க வையுங்கள்.

டிரிப்டேஸ் என்ற ரத்தப் பரிசோதனையைப் பற்றிக் கேளுங்கள். நடந்து ஒன்று இரண்டு மணி நேரத்துக்குள், தாமதமானால் நான்கு மணி நேரத்துக்குள் ரத்தம் எடுக்க வேண்டும். இன்னொரு முறை, எல்லாம் அடங்கி ஒரு நாளாவது கழிந்த பிறகு எடுத்து இரண்டையும் ஒப்பிடுவார்கள். நடந்தது உண்மையிலேயே அனாஃபிலாக்சிஸா என்று முடிவு செய்ய அது உதவும். அந்த முடிவைப் பொறுத்துத்தான் இந்த மருந்து தொடருமா என்பதே இருக்கிறது. சிகிச்சையின் பரபரப்பில் இது சுலபமாக விட்டுப்போகும். முதல் ரத்தத்தை எடுக்காமல் விட்டால் பிறகு எடுத்துப் பயனில்லை. ஆனால் ரத்தம் எடுப்பதற்காகச் சிகிச்சை ஒரு நிமிடமும் தள்ளிப்போகக் கூடாது.

அன்றே, ஞாபகம் கலையும் முன், நடந்ததை எழுதி வையுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது, அப்போது எந்த வேகத்தில் எத்தனை மில்லி ஏறியிருந்தது, முதலில் என்ன தெரிந்தது, என்ன கொடுத்தார்கள், எப்போது அடங்கியது. தடிப்பை போட்டோ எடுத்திருந்தால் அதுவும். மருந்துப் புட்டியின் பேட்ச் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே ஏற்றுகிறவர்களுக்கு

சில மாதம் ஆஸ்பத்திரியில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் போன பிறகு, சில குழந்தைகளுக்கு வீட்டிலேயே ஏற்ற அனுமதி கிடைக்கும். பயிற்சி பெற்ற நர்ஸ் கூட இல்லாமல் இதைத் தொடங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. குழந்தையையும் நர்ஸையும் தவிர இன்னொரு பெரியவரும் வீட்டில் இருக்க வேண்டும், ஒருவர் குழந்தையிடம் இருக்க மற்றவர் ஆம்புலன்ஸுக்குப் பேசலாம்.

ஆட்டோ இன்ஜெக்டர் என்ற, தானே ஊசி போடும் பேனா கிடைத்தால் இரண்டு வைத்திருங்கள். ஒன்று போதாமல் போகலாம். குழந்தையின் எடைக்கு 0.15 மில்லிகிராம் பேனாவா 0.3 பேனாவா என்பதை டாக்டர் சொல்லட்டும். ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம், வெயிலிலும் வேண்டாம். அறை வெப்பத்தில், வெளிச்சம் படாமல் இருக்கட்டும். உள்ளே மருந்து தெளிவாக இருக்கிறதா, காலாவதித் தேதி எப்போது என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஊசி இல்லாத பயிற்சிப் பேனாவில் வீட்டில் இருக்கும் எல்லாப் பெரியவர்களும் பழகட்டும். குழந்தையின் காலை முட்டிக்கு மேல் அசையாமல் பிடிப்பது, தொடையின் வெளிப்பக்கம் செங்குத்தாக அழுத்துவது, அந்தப் பேனாவில் எழுதியிருக்கும் நொடிகள் வரை எடுக்காமல் வைத்திருப்பது, இந்த மூன்றும் கைக்கு வர வேண்டும். மெல்லிய துணி மேலேயே போடலாம். கட்டைவிரலைப் பேனாவின் முனையில் வைக்கவே கூடாது. தலைகீழாகப் பிடித்திருந்தால் ஊசி உங்கள் விரலுக்குள் போய்விடும்.

ஆம்புலன்ஸ் எண், வீட்டு முகவரி, வழி அடையாளம் எல்லாவற்றையும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பதற்றத்தில் சொந்த முகவரியே வாயில் வராது. அட்ரினலின் போட்டதும் குழந்தை தேறிவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும்.

அடுத்த டோஸ்

ஒருமுறை கடுமையாக வந்துவிட்டால், அந்த மருந்து இனி கிடையாது என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம். மாற்று மருந்து இருந்தால் டாக்டர் அதைப் பார்ப்பார். இல்லாதபோது, ஒவ்வாமை நிபுணரோடு சேர்ந்து மிக மிகச் சிறிய அளவில் தொடங்கி, படிப்படியாகக் கூட்டி, உடலைத் தற்காலிகமாகப் பழக்கும் முறை இருக்கிறது. டீசென்சிடைசேஷன் என்பார்கள். தீவிர சிகிச்சை வசதி பக்கத்தில் இருக்கும் இடத்தில்தான் செய்ய வேண்டும். இந்தப் பழக்கம் நிலைக்காது. தேதி தள்ளிப்போய் இடைவெளி நீண்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டி வரலாம். ஆகவே ஊர்ப் பயணம், பரீட்சை எதுவானாலும் முன்கூட்டியே டாக்டரிடம் பேசி அட்டவணை போடுங்கள்.

குழந்தையிடமும் பேச வேண்டும். "ஒண்ணுமே ஆகாது" என்று சொல்லாதீர்கள், ஏற்கெனவே ஆகிவிட்ட குழந்தைக்கு அது பொய் என்று தெரியும். "போன தடவை மாதிரி இருந்தா உடனே அம்மாகிட்ட சொல்லு கண்ணா, சிஸ்டர் மருந்தைக் கையிலேயே வெச்சிருக்காங்க" என்று சொல்லுங்கள். விளையாட்டாக ஒத்திகையும் பார்க்கலாம். பொம்மைக்கு டிரிப்ஸ் போட்டு, பொம்மைக்கு நாக்கு அரிக்கிறது, யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேளுங்கள். நாலு வயதுக் குழந்தைகூட மணியை அழுத்தக் கற்றுக்கொள்ளும். பள்ளி ஆசிரியர், பல் டாக்டர், தாத்தா பாட்டி, குழந்தையைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் எல்லோரிடமும் அந்த ஏழு வரி அட்டையின் நகல் ஒன்று இருக்கட்டும். எடை மாறும் ஒவ்வொரு முறையும், டாக்டரிடம் கையெழுத்து வாங்கி எல்லா நகலையும் மாற்றிவிடுங்கள்.